இல்லாத மாமிக்கு எழுதிய இருநூற்றேழு கடிதங்கள்
ஹங்கேரிய உரைநடையின் முன்னோடி கெலெமென் மிகெஷ்

கடிதம் எழுதுவோர் யாவரும் மறுமொழி ஒன்றை எதிர்பார்த்தே எழுதுகின்றனர். ஒருநாளும் மறுமொழி வாராது என்பதை நன்கறிந்திருந்தும், 41 ஆண்டுகளாக ஒரே பெண்மணியை விளித்து 207 கடிதங்கள் எழுதிவைத்த ஒரு மனிதரைப் பற்றி இவ்வாரம் நம் வாசகர்களுக்குக் கூற விழைகின்றோம். அப்பெண்மணி கொன்ஸ்தாந்திநோபிள் நகரிலே வாழும் சீமாட்டி. எழுதுபவருக்கு மாமி முறையினர். மாமியிடமிருந்து கடிதம் வரத் தாமதித்தால் மருமகன் கோபித்துக்கொள்வார். உடல்நலத்தைப் பேணும்படி திரும்பத் திரும்ப வேண்டுவார். ஊர்ச் செய்தி சொல்வார், கேலி பேசுவார், சில வேளைகளில் அழவும் செய்வார். எல்லாம் சரிதான், ஒன்றே ஒன்றுதான் குறை. அப்படி ஒரு மாமி உலகில் இருந்ததே இல்லை!

இக்கடிதங்களை எழுதியவர் கெலெமென் மிகெஷ். ஹங்கேரியர் குடும்பப் பெயரை முன்னும் இட்ட பெயரைப் பின்னும் வைத்து வழங்குபவர். ஆதலின் அவர்தம் நாட்டில் இவர் மிகெஷ் கெலெமென் என்றே அறியப்படுகின்றார். ஹங்கேரிய மொழியில் கலை நயம் வாய்ந்த உரைநடை இவரிடமிருந்தே தொடங்குகிறது என்று அந்நாட்டு இலக்கிய வரலாற்றாசிரியர்கள் எழுதுகின்றனர். ஆயினும் தாம் ஓர் எழுத்தாளர் என்பதை அவர் வாழ்ந்த காலத்தில் எவரும் அறிந்திலர். அவர் எழுதியவற்றுள் ஒரு வரியேனும் அவர் கண்மூடும் வரை அச்சேறவில்லை.

மிகெஷ் 1690ஆம் ஆண்டில் திரான்சில்வேனியா நாட்டின் ஸாகோன் என்னும் மலைச்சாரற் கிராமத்திற் பிறந்தார். அப்பகுதி இன்று ருமேனியாவைச் சேர்ந்தது. அங்கே ஸேகெய் எனப்படும் ஹங்கேரிய மொழி பேசும் மக்கள் நெடுங்காலமாக வாழ்ந்து வருகின்றனர். பழமொழிகளும் சிலேடையும் நிறைந்த அவர்களுடைய வீட்டுப் பேச்சுத்தான் மிகெஷின் தாய்ப்பால். தந்தை பால் மிகெஷ், வியன்னாவிலிருந்து ஆண்ட ஹாப்ஸ்பேர்க் பேரரசருக்கு எதிராக நின்றவர். அவர் பேரரசரின் ஆட்களிடம் சிக்கிக் கொடூரமாகக் கொல்லப்பட்டபோது மகன் சிறு குழந்தை. தாய் மறுமணம் செய்தார். புதிய தந்தையின் வழியைப் பின்பற்றிக் குடும்பம் கல்வினிய சபையிலிருந்து கத்தோலிக்க சமயத்துக்கு மாறியது. சிறுவன் கொலோஷ்வார் நகரில் யேசு சபையாரின் கல்லூரியிற் பயின்றான்.

1703ஆம் ஆண்டில் இரண்டாம் பெரென்ஸ் ராக்கோட்ஸி என்னும் பிரபு பேரரசரை எதிர்த்துக் கிளர்ச்சிக் கொடி உயர்த்தினார். எட்டு ஆண்டுகள் நீடித்த அந்த விடுதலைப் போரின் நடுவே, 1707இல், உறவினர் ஒருவரின் உதவியால் மிகெஷ் அவருடைய அரண்மனையில் ஏவற் சிறுவனாகச் சேர்ந்தார். அப்போது வயது 17. அன்று தொடங்கிய பற்று, ராக்கோட்ஸி மறைந்த பின்னரும் அறவில்லை.

போர் தோல்வியில் முடிந்தது. 1711இல் சத்மார் நகரிற் செய்யப்பட்ட சமாதானத்தின்படி, பேரரசருக்கு விசுவாசப் பிரமாணம் செய்துகொண்டோர் தத்தம் வீட்டுக்குத் திரும்பலாம். பெரும்பாலானோர் திரும்பினர். ராக்கோட்ஸி மறுத்துவிட்டுப் போலந்துக்குச் சென்றார். அவருக்குப் பின்னே 20 வயது மிகெஷும் எல்லை கடந்தார். ஸாகோனில் நிலம் இருந்தது, தாய் இருந்தார், திரும்பிப் போகத் தடையும் இருக்கவில்லை. அரசியற் கொள்கை எதையும் அவர் காரணம் காட்டவில்லை. இளவரசர்மேல் வைத்த அன்பைத் தவிரத் தாம் தாய்நாட்டை விட்டு வர வேறு காரணம் கிடையாது என்று பல ஆண்டுகளின் பின்னர் அவரே எழுதுகின்றார். அந்த அன்புக்கு அவர் கொடுத்த விலை ஐம்பது ஆண்டுகள்.

போலந்திலிருந்து பயணம் பிரான்சுக்குத் தொடர்ந்தது. அங்கே பதினான்காம் லூயி மன்னர் அவர்களை ஆதரித்தார். மிகெஷ் பிரெஞ்சு மொழியையும், பாரிஸ் மாந்தரின் நாசூக்கான உரையாடலையும் கற்றுக்கொண்டது இக்காலத்தில்தான். 1715இல் லூயி இறந்தார். ஆதரவு குன்றியது. இளவரசரோ பாரிசுக்கு அண்மையில் குறோபுவா என்னுமிடத்தில் துறவியர் மடத்தை அடுத்து ஒடுங்கி வாழலானார். அவ்வேளையில் துருக்கியச் சுல்தான் மூன்றாம் அகமதுவிடமிருந்து ஓர் அழைப்பு வந்தது. பேரரசருடன் போரிட்டுக்கொண்டிருந்த சுல்தான், ராக்கோட்ஸியின் பெயர் தமக்குத் துணையாகும் என்று எண்ணினார். மார்செய் துறைமுகத்தில் கப்பலேறிய குழுவினர் 1717 ஒக்டோபர் 10ஆம் நாள் கலிபோலியிற் கரையிறங்கினர். முதற் கடிதத்தின் தேதியும் அதுவே.

கெடுவாய்ப்பைப் பாருங்கள்! அவர்கள் வருவதற்கு முன்பே, அவ்வாண்டு ஓகஸ்ட் மாதத்தில், துருக்கியர் பெல்கிறேட் கோட்டையை இழந்துவிட்டனர். 1718இல் சமாதானமும் ஏற்பட்டுவிட்டது. படை நடத்த அழைக்கப்பட்டவர்கள் இப்போது எவருக்கும் வேண்டாத விருந்தினர். அவர்களை ஒப்படைக்கும்படி வியன்னா கேட்டது. அடைக்கலம் புகுந்தோரைக் கையளிக்கச் சுல்தான் உடன்படவில்லை. எனினும், எல்லைக்கு அருகில் அவர்களை வைத்திருக்கவும் இயலாதே! 1720ஆம் ஆண்டின் வசந்தத்தில் மர்மராக் கடற்கரையிலுள்ள றொடொஸ்தோ என்னும் ஊர் அவர்களுக்குக் குடியிருக்கக் குறிக்கப்பட்டது. துருக்கியர் இன்று தெக்கிர்தா என்றழைக்கும் ஊர் அது. சில காலத்துக்கே என்று எண்ணித்தான் அவர்கள் அங்கே பெட்டிகளை இறக்கினர்.

றொடொஸ்தோவில் ஒரு நாள்

அங்கே நாட்கள் எவ்வாறு கழிந்தன என்பதை மிகெஷ் எழுதியிருப்பதைப் படிக்கும்போது சிரிப்பும் இரக்கமும் ஒருங்கே எழுகின்றன. துறவி மடத்திற்கூட இத்தனை ஒழுங்கு கிடையாது என்கிறார் அவர். விடியற்காலையில் முரசு ஒலிக்கும், அனைவரும் எழவேண்டும். மீண்டும் ஒலிக்கும், பூசைக்குப் போகவேண்டும். உணவுக்கும் முரசு, உறங்கவும் முரசு. நாட்டையே நடத்த எண்ணியிருந்த இளவரசர் அந்த ஒழுங்கை ஒரு வீட்டின் மீது செலுத்திக்கொண்டிருந்தார். மீதி நேரத்தில் தச்சுவேலை செய்தார். இழைப்புளியும் உளியும் கொண்டு நாற்காலிகள் கடைந்தார், மரத்திற் பூவேலை செதுக்கினார், நூல்களும் எழுதினார். ஊருக்கு வெளியே உலாப் போகலாம், வேட்டையாடலாம். ஆனால் போகவேண்டிய இடம் என்று ஒன்றும் இல்லை.

இளவரசருக்கு உளி கிடைத்தது. மிகெஷுக்கு என்ன கிடைத்தது? அவருக்கு நேனே கிடைத்தார்.

'நேனே' என்பது ஹங்கேரிய மொழியில் மூத்த பெண்ணுறவினரை அழைக்கும் சொல். தமக்கையும் நேனே, தாய் தந்தையரோடு பிறந்தவரும் நேனே, மூத்த குடும்ப நண்பரும் நேனே. உறவு இன்னதென்று துணிந்து கூறாது, நெருக்கத்தை மட்டும் காட்டும் சொல் அது. நாம் ஒன்றைத் தெரிந்தெடுத்தே ஆகவேண்டியிருப்பதால் 'மாமி' என்கின்றோம். கதாசிரியருக்கு இதைவிட வசதியான சொல் வேறு வாய்த்திராது. தாயிடம் சொல்ல முடியாத கேலியை அவரிடம் சொல்லலாம். காதலியிடம் காட்டத் தயங்கும் சோர்வை அவரிடம் காட்டலாம். அவருடைய பெயரின் முதலெழுத்துக்கள் இரண்டு மட்டுமே நமக்குத் தரப்பட்டுள்ளன. ஆராய்ச்சியாளர்கள் அவ்விரண்டெழுத்தையும் கொண்டு பல்லாண்டுகள் தேடினர். அப்படியொரு சீமாட்டி கொன்ஸ்தாந்திநோபிளில் வாழ்ந்தமைக்குச் சான்று ஏதும் அகப்படவில்லை. அவர் எழுதிய மறுமொழி ஒன்றுகூட எங்கும் கிடைக்கவில்லை. நமக்குக் கிடைத்திருப்பதோ தபாலில் போய்வந்த தாள்கள் அல்ல. மிகெஷ் தம் கையாலேயே திருத்தமாகப் படியெடுத்து வைத்த நூற்பிரதி. மாமி கற்பனையே என்பதில் இன்று ஏறக்குறைய எல்லோரும் உடன்படுகின்றனர்.

ஆனாலும் படிக்கும்போது மாமியின் குரல் கேட்கிறது! மிகெஷின் சாமர்த்தியம் அங்கேதான் இருக்கிறது. மாமி முந்திய கடிதத்தில் ஏதோ கேட்டதாகக் கொண்டு அவர் விடை சொல்வார். மாமி சிரித்திருப்பார் என்று ஊகித்துக்கொண்டு மேலும் ஒரு கேலி சேர்ப்பார். கடல் அலைகளைப் பற்றியும், றொடொஸ்தோப் பெண்கள் பருத்தி விதைத்துப் பஞ்செடுத்து நூற்கும் முறையைப் பற்றியும் அவர் எழுதுகின்றார். பிறந்த நாட்டுக் கோவாக் கறியின் பெருமையைப் புலவர் மன்னரைப் புகழ்வதுபோலப் புகழ்கின்றார். பூமியதிர்ச்சியும் கொள்ளைநோயும் அதே நிதானமான நடையில் வந்து போகின்றன. றொடொஸ்தோவின்மேல் தமக்கு அன்பு பிறந்துவிட்டது என்று தொடங்கி, ஸாகோனை மறக்க முடியவில்லை என்று அதே வாக்கியத்தில் முடித்துவிடுவார். வேடிக்கையாகத் தொடங்கியது எந்த இடத்தில் வேதனையாக மாறிற்று என்று நாம் திரும்பிப் பார்க்கவேண்டியிருக்கிறது.

எல்லாக் கடிதங்களும் இவ்வாறு சுவையானவை என்று கூறிவிட முடியாது. பிற்பகுதியில் அவர் பிரெஞ்சு நூல்களைத் தழுவிப் பழங்கதைகளையும் பிற நாட்டு வழக்கங்களையும் வரிசையாக எழுதிச் செல்லும் இடங்கள் சலிப்பூட்டுகின்றன என்பதே எமது அபிப்பிராயம். தாம் கண்டதை விட்டுவிட்டுப் படித்ததை எழுதும்போது மிகெஷும் மற்றவர்களைப் போலாகிவிடுகின்றார்.

ஷுஷி

அகதிகளின் கூட்டத்தில் ராக்கோட்ஸிக்கு அடுத்தவர் மிக்லோஷ் பெர்ச்சேனி என்னும் பிரபு; கிளர்ச்சிப் படையின் தலைமைத் தளபதியாக இருந்தவர். அவருடைய மனைவிக்குத் துணையாக ஷுஷி கோஸெகி என்னும் இளம்பெண் இருந்தாள். மிகெஷ் அவளை விரும்பினார். விரும்பியதாக அவர் மாமிக்கு நேராகச் சொல்வதில்லை. மற்றவர்களைப் பற்றி எழுதும்போது இடையிலே ஒரு வரி ஷுஷியைத் தொட்டுச் செல்லும். பிறகு அவசரமாக வேறு விடயத்துக்குத் தாவிவிடுவார். மாமி கண்டுபிடித்துவிடக் கூடாதே என்று அஞ்சுவார். கண்டுபிடிக்க வேண்டுமென்றும் ஏங்குவார்!

1723இல் பெர்ச்சேனியின் மனைவி இறந்தார். பின்னர், அறுபதை நெருங்கிக்கொண்டிருந்த அப்பிரபு ஷுஷியை மணந்துகொண்டார். பிரபுவின் கை நீண்டபோது ஏவலாளன் என்ன செய்ய முடியும்? அதையும் மிகெஷ் பகடியாகவே எழுதிவிட்டுப் போகின்றார். 1725இன் இறுதியில் பெர்ச்சேனி மறைந்தார். மிகெஷுக்கு அப்போது வயது 35. இழந்ததெல்லாம் மீண்டும் கைகூடும் போலிருந்தது. தம் எண்ணத்தை அவளுக்குத் தெரிவிக்கவும் செய்தார். ஆனால் இளம் விதவைக்கு முன் இரண்டு பாதைகள் இருந்தன. ஒன்று, வருமானமற்ற ஓர் அகதியின் மனைவியாகக் கடைசி வரை றொடொஸ்தோவில் முரசொலி கேட்டு எழுவது. மற்றது, போலந்துக்குப் போய்விடுவது. 1726இல் அவள் போலந்துக்குப் போய்விட்டாள்.

ஷுஷியைக் குறைகூற எமக்கு மனம் வரவில்லை. மிகெஷும் குறைகூறவில்லை. அவள் அறிவுடன் நடந்துகொண்டாள் என்றே மாமிக்குத் தெரிவிக்கின்றார். அத்துடன் அந்தப் பேச்சை நிறுத்திக்கொள்கின்றார். அவர் பின்னர் எவரையும் மணக்கவில்லை.

பெண் கல்வி பற்றிய கடிதம்

1725 யூன் மாதத் தேதியிட்ட 62ஆவது கடிதத்தை நம் மாணவர்கள் தேடிப் படிக்கவேண்டும். பிள்ளைகளை வளர்க்கும் முறையைப் பற்றி அதில் மிகெஷ் விரிவாகப் பேசுகின்றார். ஹங்கேரியப் பிரபு குடும்பங்களின் இளைஞர்கள் குதிரை, நாய், வேட்டை, மது என்று காலத்தைப் போக்குவதைச் சாடுகின்றார். வெறும் இலத்தீன் மனப்பாடம் போதாது. வரலாறும் பிறமொழிகளும் பயனுள்ள தொழில்களும் கற்பிக்கப்படவேண்டும் என்கிறார். அதற்கும் மேலாக அவர் வற்புறுத்துவது பெண்களின் கல்வியை. பிள்ளைக்கு முதல் ஆசிரியை தாயல்லவா, அவளுக்கே எழுத்தறிவு இல்லையெனில் அவள் எதைக் கற்பிப்பாள் என்பது அவர் கேள்வி. ஐரோப்பாவிலும் பெண்கள் கற்பதை விந்தையாகக் கருதிய காலம் அது. சொந்தக் குழந்தை ஒன்றைக் கையில் ஏந்தும் பேறு இல்லாத மனிதர், திரும்பிப் போகவே முடியாத ஒரு நாட்டின் குழந்தைகளைப் பற்றி இத்தனை அக்கறையுடன் எழுதியிருக்கின்றார்!

1735 ஏப்ரில் 8ஆம் நாள் பெரிய வெள்ளிக்கிழமை. அன்று விடியற்காலை மூன்று மணிக்குப் பின்னர் ராக்கோட்ஸி காலமானார். அந்நாளின் தேதியைத் தாங்கிய 112ஆவது கடிதமே ஹங்கேரியப் பாடப்புத்தகங்களில் மிகுதியாக இடம்பெறுவது. அதில் கேலி இல்லை, சிலேடை இல்லை. தந்தையை இழந்த பிள்ளைகளாகத் தம்மையும் தோழர்களையும் மாமிக்கு அறிமுகம் செய்துவிட்டு, நோய் தொடங்கிய நாள் முதல் இறுதி மூச்சு வரை நடந்ததை ஒன்றன்பின் ஒன்றாக எளிய சொற்களிற் கூறிச் செல்கின்றார். இளவரசரின் இதயம் அவர் விரும்பியபடியே பிரான்சிலுள்ள குறோபுவா மடத்துக்கு அனுப்பப்பட்டது. உடலை மிகெஷும் துணைவர்களும் கொன்ஸ்தாந்திநோபிளுக்குக் கொண்டு சென்று, யேசு சபையாரின் ஆலயத்தில், இளவரசரின் தாயார் இலோனா ஸ்ரீனியின் அருகே அடக்கம் செய்தனர். மாமி வாழ்வதாகச் சொல்லப்பட்ட நகரத்துக்கே மிகெஷ் போயிருக்கின்றார். அங்கே அவருக்காகக் காத்திருக்க எவருமில்லை.

பின்னர் நடந்தவற்றைச் சுருக்கமாகக் கூறலாம். ராக்கோட்ஸியின் மகன் யோஷெப் 1736இல் துருக்கிக்கு வந்தார். மீண்டும் மூண்ட போரில் அவரைத் தலைவராக்கச் சுல்தானின் அரசு முயன்றது. மிகெஷ் கடமை தவறாது அவருடனும் அலைந்தார். யோஷெப் 1738இல் நோயுற்று இறந்தார். அடுத்த ஆண்டு மிகெஷ் மொல்தாவியாவில் இருந்தார். அங்கிருந்து மலைத்தொடர் ஒன்றைக் கடந்தால் திரான்சில்வேனியா. சில நாட் பயணத்தில் ஸாகோன். அவர் திரும்பியது றொடொஸ்தோவுக்கே.

மரியா தெரேசா அரசி வியன்னாவில் அரியணையேறிய பின்னர், தாயகம் திரும்ப அனுமதி கோரி மிகெஷ் விண்ணப்பித்தார். துருக்கியிலிருந்து மீட்சி கிடையாது என்று இலத்தீனில் ஒரே வரியில் அரசி முடிவு எழுதினார் என்பர். நரகத்திலிருந்து மீட்சி இல்லை என்னும் பழைய சமய வாக்கியத்தைச் சற்றே மாற்றியமைத்த வரி அது. தந்தையைக் கொன்ற அரசாங்கம் மகனுக்குத் தந்த மறுமொழி அது.

எந்த மொழியில் எழுதுவது?

இவ்விடத்தில் ஒன்றைச் சிந்திக்கவேண்டும். ராக்கோட்ஸியும் றொடொஸ்தோவில் எழுதினார் என்றோமல்லவா? அவர் தம் போர் நினைவுகளைப் பிரெஞ்சு மொழியில் எழுதினார். இறைவனிடம் தம் பாவங்களை அறிக்கையிடும் நூலை இலத்தீனில் எழுதினார். அக்காலத்து ஹங்கேரியப் பெருமக்களுக்கு இது இயல்பே. ஹங்கேரியில் 1844 வரை ஆட்சிமொழியாக இருந்தது இலத்தீனே. உலகம் படிக்கவேண்டுமென்று இளவரசர் உலகத்தார் மொழிகளில் எழுதினார். மிகெஷுக்கும் அவ்விரு மொழிகளும் தெரியும். ஆனால் அவர் எழுதியது யாருக்கு? ஸாகோன் வீட்டு முற்றத்தில் அமர்ந்திருக்கக்கூடிய ஒரு மூத்த பெண்மணிக்கு. அவரோடு இலத்தீனில் எவ்வாறு பேசுவது! மாமியைப் படைத்தபோதே மொழியும் தீர்மானமாகிவிட்டது. இருபதாம் வயதில் ஊரை விட்டபோது காதில் எடுத்துச் சென்ற பேச்சு அவருடைய உரைநடையாயிற்று. பாரிசில் கற்ற நளினம் அதற்கு மெருகேற்றியது. துருக்கியரும் ஆர்மேனியரும் கிரேக்கரும் சூழ வாழ்ந்த ஒருவர், தம் தோழர்கள் ஒவ்வொருவராக மறைந்து பேச்சுத்துணை அருகிக்கொண்டே வந்த நிலையில், அம்மொழியை நாள்தோறும் பேணினார்.

அக்காலத்து வேறு இருவரையும் இங்கே குறிப்பிடாமலிருக்க முடியவில்லை. மிகெஷ் கரையிறங்கிய அதே 1717இல் ஆங்கிலத் தூதரின் மனைவியான மேரி வோட்லி மொன்தாகு சீமாட்டியும் துருக்கியில் இருந்து கடிதங்கள் எழுதிக்கொண்டிருந்தார். 1763இல் அவை அச்சாகி ஐரோப்பாவெங்கும் புகழ் பெற்றன. மற்றவர் இப்ராஹிம் முதெபெரிக்கா. கொலோஷ்வாரில் பிறந்து இஸ்லாத்தைத் தழுவிச் சுல்தானின் பணியிற் சேர்ந்த அவர், ராக்கோட்ஸிக்கு மொழிபெயர்ப்பாளராகவும் தொடர்பாளராகவும் நியமிக்கப்பட்டவர். கொன்ஸ்தாந்திநோபிளில் துருக்கி மொழி நூல்களுக்கான முதல் அச்சுக்கூடத்தை நிறுவியவரும் அவரே. 1729இல் அதன் முதல் நூல் வெளிவந்தது. மிகெஷ் கல்வி பயின்ற நகரிலேயே பிறந்த ஒருவர் புத்தகம் அச்சிட்டுக்கொண்டிருக்க, மிகெஷின் தாள்கள் பெட்டிக்குள் கிடந்தன.

கடிதங்களைத் தவிர மிகெஷ் பெருமளவு மொழிபெயர்த்தார். அவற்றுட் பெரும்பாலானவை பிரெஞ்சுச் சமய நூல்கள். கதைப்பகுதியில் குறிப்பிடத்தக்கது, கோமெஸ் அம்மையார் என்னும் பிரெஞ்சு எழுத்தாளரின் நூலைத் தழுவி 1745இல் அவர் முடித்த 'இன்ப நாட்கள்'. நாட்டுப்புற மாளிகையொன்றிற் கூடிய சில ஆடவரும் பெண்டிரும் நாளுக்கு நாள் ஒருவருக்கொருவர் காதற் கதைகள் சொல்லி மகிழ்வதாக அமைந்தது அது. கதை கேட்க ஒரு கூட்டம் கூடும் இன்பத்தை அவர் மொழிபெயர்ப்பிலேனும் அனுபவித்தார்.

1758ஆம் ஆண்டிற்குள் றொடொஸ்தோவின் முதற் குடியேறிகளிற் பெரியவர்கள் யாவரும் மறைந்துவிட்டனர். அவ்வாண்டில் எஞ்சியிருந்த அகதிகளுக்குத் தலைவராகத் துருக்கிய அரசு மிகெஷை நியமித்தது. ஏவற் சிறுவனாக வந்தவருக்குக் கிடைத்த இப்பதவி, ஆள எவருமற்ற அரசு போன்றது. அவ்வாண்டு திசெம்பர் 20ஆம் தேதியிட்டு 207ஆவது கடிதத்தை எழுதினார். முதற் கடிதம் எழுதியபோது தமக்கு 27 வயது, இப்போது 69ஆம் வயது நடக்கிறது என்று மாமிக்குக் கணக்குக் காட்டி, ஆண்டுகள் எவ்வாறு வீணாயின என்பதை நினைத்து, இறைவனின் சித்தத்துக்குத் தம்மை ஒப்படைத்து நிறுத்திவிட்டார். மாமிக்கு அதன்பின் அவர் எழுதவில்லை.

வியப்பென்னவெனில், அதையடுத்த காலத்திலேதான் திரான்சில்வேனியாவிலுள்ள உறவினருடன் உண்மையான கடிதப் போக்குவரத்து அவருக்கு வாய்த்தது. தாயின் மறுமணத்திற் பிறந்த தம்பி யோஷெப் போயர் முதலியோருக்கு அவர் எழுதிய சில கடிதங்கள் இன்றும் உள்ளன. அவை தபாலிற் போயின, மறுமொழியும் வந்தது. ஆனால் எழுத்தின் அழகைத் தேடுவோர் அவற்றை நாடுவதில்லை. 1761 ஒக்டோபர் 2ஆம் நாள் கொள்ளைநோய் மிகெஷைக் கொண்டு சென்றது.

பெட்டியிற் கிடந்த பிரதி எவ்வாறோ ஹங்கேரியை அடைந்தது. இஷ்த்வான் குல்ச்சார் என்னும் அறிஞர் 1794இல் அதனைச் சொம்பத்ஹெய் நகரில் 'துருக்கியிலிருந்து கடிதங்கள்' என்ற பெயரில் அச்சிட்டார். ஆசிரியர் இறந்து அப்போது 33 ஆண்டுகள் ஆகியிருந்தன. கடித வடிவிற் கதை சொல்வது ஐரோப்பாவெங்கும் நாகரிகமாகப் பரவியிருந்த காலம் அது. யோஷெப் கார்மான் என்பவர் ஓர் இளம்பெண்ணின் கடிதங்களாகவும் நாட்குறிப்பாகவும் எழுதிய புகழ்பெற்ற கதையும் ஹங்கேரியில் அதே ஆண்டிலே வெளிவரத் தொடங்கியது. புதுமையென்று அவர்கள் கொண்டாடிய ஒன்றை, எவரும் அறியாத ஒரு கடலோரத்திலே ஓர் அகதி பல பத்தாண்டுகட்கு முன்பே செய்து முடித்திருந்தார். 1848இல் யோஷெப் லேவாய் என்ற கவிஞர் 'மிகெஷ்' என்னும் பெயரிலேயே ஒரு கவிதை பாடினார். அதன்பின் அவரை அறியாத ஹங்கேரியப் பள்ளிப்பிள்ளை இல்லை எனலாம்.

1906இல் ராக்கோட்ஸி முதலியோரின் எச்சங்கள் மிகுந்த சிறப்புடன் தாயகத்துக்குக் கொண்டுவரப்பட்டு, இன்று சிலோவாக்கியாவிலுள்ள கொஷீட்சே நகரத்தின் பேராலயத்தில் வைக்கப்பட்டன. மிகெஷின் கல்லறை இருந்த இடம் தெரியாமையால் அவரை மட்டும் கொண்டுவர முடியவில்லை. றொடொஸ்தோவில் இளவரசரின் இல்லம் இப்போது காட்சிச்சாலையாக விளங்குகின்றது. மிகெஷின் கையெழுத்துப் பிரதி ஹங்கேரியின் எகர் நகரிலுள்ள பேராயர் நூலகத்தில் இருக்கிறது.

ஹங்கேரிய மொழி அறியாதோர், பேர்னார்ட் அடம்ஸ் என்பவர் செய்து 2000ஆம் ஆண்டில் வெளிவந்த ஆங்கில மொழிபெயர்ப்பில் இக்கடிதங்களைப் படிக்கலாம். 207ஐயும் வரிசையாகப் படிக்கப் பொறுமை இல்லாதோர், றொடொஸ்தோ வாழ்க்கையைக் கூறும் 37ஆவது கடிதத்தை முதலிற் படித்து, பின்னர் 62ஆவதற்கும் 112ஆவதற்கும் செல்வது நன்று. ஷுஷியைப் பற்றிய குறிப்புகளோ ஒரே இடத்தில் அகப்படமாட்டா. அவற்றை வாசகர்தாம் அங்குமிங்குமாகப் பொறுக்கிச் சேர்க்கவேண்டும்.